வந்த வழியைச் சுமக்கும் அலை

புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து நிற்கும் ஒருவன், புறப்பட்டபோது இருந்த அதே மனிதன்தானா? மெய்யியலார் இவ்வினாவை ஏட்டில் எழுதி ஆராய்வர். பிழைப்பு நாடி ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கோ இஃது ஏட்டு வினா அன்று, வீட்டு வினா. விழாவிற்கு ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும், பேருந்தைவிட்டு இறங்கும் இடத்திலேயே அது நம்மை எதிர்கொண்டு நிற்கிறது.

சென்ற பொங்கலுக்குக் குடியாத்தத்தை அடுத்த எங்கள் சிற்றூருக்குப் பேத்தியை அழைத்துச் சென்றிருந்தேன். திண்ணையில் அமர்ந்திருந்த என் தமையனார் அவளுடைய படிப்பைப் பற்றிக் கேட்டார். பள்ளியில் நடந்த ஒப்பித்தல் போட்டியில் சர்வக்ஞரின் கன்னடப் பாடல்களைச் சொல்லி முதற்பரிசு பெற்றதை அவள் மகிழ்ச்சியோடு கூறினாள். அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, நம் குடி அங்கேயே கரைந்துவிட்டது போலிருக்கிறதே” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. சினந்து சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வருந்திச் சொன்னதால் அச்சொல் நெஞ்சில் தைத்தது.

திரும்பி வரும் வழியில் பேத்தி தயங்கித் தயங்கி, “தாத்தா, நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?” என்று கேட்டாள். “தூங்கம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்” என்றேன். உண்மை என்னவெனில், விடை என்னிடம் இல்லை.

அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. தேடியபோது துணையாக வந்தது அறிவியல். அதுவும், நாம் வந்து குடியேறிய இந்தப் பெங்களூரிலேயே, தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஓர் இளைஞர் தம் 22ஆம் வயதில் கண்ட உண்மை. அதனைச் சொல்லுமுன் அலைகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

எண்ணெய்ப் படலமும் சாளரக் கண்ணாடியும்

மழை பெய்து ஓய்ந்த மாலையில் லிங்கராஜபுரம் மேம்பாலத்தருகே நடப்போர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வண்டிகளிலிருந்து சொட்டிய எண்ணெய், தேங்கிய நீரின்மேல் பரவி வானவில்லின் நிறங்களைக் காட்டும். அந்நிறங்கள் எண்ணெய்க்கு உரியன அல்ல. நீருக்கும் உரியன அல்ல. படலத்தின் மேற்பரப்பில் பட்டு மீளும் ஒளி ஒன்று. அடிப்பரப்பில் பட்டு மீளும் ஒளி மற்றொன்று. இரண்டும் நம் கண்ணில் வந்து கூடுகின்றன. முகடும் முகடும் சேருமிடத்தில் ஒளி மிகுகிறது. முகடும் அகடும் சேருமிடத்தில் ஒளி அவிகிறது. படலத்தின் கனத்திற்கு ஏற்ப ஒரு நிறம் ஓங்க, மற்றொரு நிறம் மங்குகிறது. இதனைக் குறுக்கீட்டு விளைவு என்பர்.

சாளரக் கண்ணாடிக்கும் இரு பரப்புகள் உண்டு. அதில் ஏன் அந்நிறங்கள் தோன்றுவதில்லை? ஞாயிற்றின் ஒளியில் ஏற்றமும் இறக்கமும் ஓர் ஒழுங்கோடு தொடர்வது மிகக் குறுகிய தொலைவிற்கே. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ணெய்ப் படலம் அந்த அளவிற்கு மெல்லியது. ஆதலால் இரு பரப்பிலிருந்தும் மீண்ட அலைகள் ஒன்றையொன்று இன்னும் ‘அறியும்’. கண்ணாடியோ பன்மடங்கு கனமானது. அதன் இரு பரப்பிலிருந்தும் மீளும் அலைகளுக்கு இடையே நிலையான உறவு எதுவும் எஞ்சுவதில்லை. இரண்டும் கூடுகின்றன, ஆனால் அக்கூட்டத்தில் நிறம் பிறப்பதில்லை.

அந்த நிலையான உறவையே ஓரியல் தன்மை என்கிறோம். இரண்டு அலைகள் ஓரியல் உடையன என்றால் அவை இரண்டும் ஒன்றே என்பது பொருள் அன்று. ஒன்று ஏறும்போது மற்றொன்று எந்நிலையில் இருக்கும் என்பது மாறாமல் நிலைத்திருக்கிறது என்பதே பொருள். ஏறி இறங்கும் அலை அந்தந்த நேரத்தில் எந்நிலையில் உள்ளது என்பதைக் கட்டம் என்று குறிப்பர். இங்கே உள்ளத்தில் இருத்தவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒளி அலை ஒன்றைத் தனியே பார்க்கும் கண்ணுக்கு அதன் கட்டம் தெரியாது. மற்றோர் அலையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது வெளிப்படும்.

பொருளும் அலையே

ஒளி மட்டுமே அலை என்று எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1924இல் பிரான்சு நாட்டு லூயி தெ பிராய், பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்று துணிந்து கூறினார். 1927இல் அமெரிக்காவில் டேவிசன், ஜெர்மர் என்னும் இருவர் நிக்கல் படிகத்தின்மேல் எலெக்ட்ரான்களைச் செலுத்தி, அவை அலைகளைப் போலவே சிதறுவதைக் கண்டனர். 1989இல் சப்பான் நாட்டில் டோனோமுராவும் அவர்தம் குழுவினரும் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினர். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே விழுந்தது. முதல் சில நூறு புள்ளிகளில் ஒழுங்கு ஏதும் இல்லை. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தபோதோ, இரு வழிகளிலும் சென்ற அலைகள் கூடினால் தோன்றும் வரிகள் தெளிவாகத் தோன்றின. 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளும் இவ்வாறே நடந்தன. குவாண்டம் உலகின் பொருள்கள் யாவற்றிற்கும் இவ்வியல்பு பொது.

ஆனால் எந்த எலெக்ட்ரான் எந்த வழியே போனது என்பதற்குச் சூழலில் எங்கேனும் ஒரு தடயம் பதிந்துவிட்டால் வரிகள் மறைந்துவிடும். கூடி நின்ற வழிகள் பிரிந்துவிடும்.

இராமனின் நிழலில் ஓர் இளைஞர்

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்தார். அவரும் நம்மைப்போல் வந்தவரே. மைசூர் அரசு வழங்கிய நிலத்தில் 1948இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். லிங்கராஜபுரத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், சதாசிவநகரில் அஃது இன்றும் உள்ளது. 1970இல் இராமன் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே அந்நிறுவனத்தின் தோட்டத்தில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. வந்த மண்ணே அவருக்குச் சொந்த மண்ணாயிற்று.

அந்நிறுவனத்தில் இராமனின் தங்கை மகனான பஞ்சரத்தினம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 1934இல் கல்கத்தாவில் பிறந்தவர் அவர். படிகங்களின் வழியே செல்லும் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒளி அலை பல வகையாக அதிரக்கூடும். ஒன்று மேலும் கீழுமாக அதிரும். ஒன்று சாய்வாக அதிரும். ஒன்று சுழன்றுகொண்டே செல்லும். இவ்வதிர்வு வகையைத் தளவிளைவு நிலை என்பர். ஒரே வகையான இரண்டு அலைகள் ஒத்த கட்டத்தில் உள்ளனவா என்று சொல்வது எளிது. முகடும் முகடும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். வெவ்வேறு வகையாக அதிரும் இரண்டு அலைகளை என் செய்வது? ஒன்றின் முகடு ஒரு திசையில். மற்றொன்றின் முகடு வேறு திசையில். இவை ஒத்து நிற்கின்றன என்று எதைக் கொண்டு சொல்வது?

பஞ்சரத்தினம் கண்ட விடை மிக எளியது, மிக ஆழமானதும்கூட. இரண்டும் ஒரே மாதிரி உள்ளனவா என்று கேளாதே. இரண்டையும் கூட்டிப் பார். கட்டத்தை மெல்ல மாற்றிக்கொண்டே வா. எந்நிலையில் கூட்டொளி மிகப் பெரிதாகிறதோ அந்நிலையில் அவை ஒத்து நிற்கின்றன. முற்றிலும் எதிரான இரு நிலைகளுக்கு மட்டும் இவ்விடை பொருந்தாது. அவற்றைக் கூட்டினால் ஒளி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மற்றெல்லா இணைகளுக்கும் இது பொருந்தும். 1956இல் இந்திய அறிவியல் கலைக்கழகத்தின் இதழில் இதனை அவர் வெளியிட்டார்.

அக்கட்டுரையில் இன்னும் ஒரு வியப்பு இருந்தது. முதல் அலை இரண்டாவதோடு ஒத்து நிற்கிறது. இரண்டாவது மூன்றாவதோடு ஒத்து நிற்கிறது. அவ்வாறாயின் மூன்றாவது முதலாவதோடு ஒத்து நிற்குமன்றோ? நிற்பதில்லை. ஒவ்வோர் அடியிலும் பிழையின்றி ஒத்து வந்தும், சுற்றி முடிக்கும்போது ஒரு வேறுபாடு எஞ்சிவிடுகிறது. அவ்வேறுபாடு எவ்வளவு என்பதையும் அவர் கணித்தார். தளவிளைவு நிலைகள் அனைத்தையும் ஒரு கோளத்தின்மேல் புள்ளிகளாகக் குறிக்கலாம். சுற்றி வந்த பாதை அக்கோளத்தின்மேல் ஒரு பரப்பை வளைத்துக்கொள்கிறது. அப்பரப்பு கோளத்தின் நடுவில் அமைக்கும் கோணத்தில் பாதியே எஞ்சிய கட்டம். கோளத்தில் எட்டில் ஒரு பங்கை வளைத்து வந்த ஒளி 45 பாகைக் கட்டத்தைச் சுமந்துகொண்டு வருகிறது.

திருப்பாமலே திரும்பிய கோல்

இதனைப் புரிந்துகொள்ள ஒரு வழிப்போக்கனைக் கற்பனை செய்துகொள்வோம். நிலநடுக்கோட்டில் ஓரிடத்தில் நிற்கிறான். கையில் ஒரு கோல். அதனை வடக்கு நோக்கிப் பிடித்திருக்கிறான். நடக்கும்போது கோலை இடமாகவோ வலமாகவோ சிறிதும் திருப்புவதில்லை என்பது அவன் உறுதி. நேரே வடமுனைக்கு நடக்கிறான். அங்கிருந்து உடலை மட்டும் வலப்புறம் திருப்பி, 90 பாகை தள்ளியுள்ள வேறொரு நெடுங்கோட்டின் வழியே நிலநடுக்கோட்டிற்கு இறங்குகிறான். பிறகு அக்கோட்டின் வழியே மேற்காக நடந்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கிறான். கோலைப் பார்க்கிறான். வடக்கு நோக்கியிருந்த கோல் இப்போது கிழக்கு நோக்கி நிற்கிறது!

அவன் உறுதி தவறவில்லை. கோலை ஓரிடத்திலும் திருப்பவில்லை. ஆயினும் கோல் திரும்பியிருக்கிறது. திருப்பியது அவன் கை அன்று. அவன் சுற்றி வந்த உலகத்தின் வளைவு.

1984இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பெரி, ஒரு சுற்றுச் சுற்றித் தன் பழைய நிலைக்கே மீளும் குவாண்டம் பொருள்கள் இத்தகைய கட்டத்தைச் சுமந்து வருகின்றன என்பதை விரிவாக நிறுவினார். பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் 1986இல் பஞ்சரத்தினத்தின் தமையனார் இராமசேசனும் இராசாராம் நித்யானந்தாவும், 1956ஆம் ஆண்டுக் கட்டுரையே இதற்கு முந்திய சான்று என்று எடுத்துக்காட்டினர். மறு ஆண்டில் பெரி தாமே பஞ்சரத்தினத்தின் பணியை விளக்கி எழுதி, அவருக்குரிய இடத்தை உலகறியச் செய்தார். இன்று அஃது இருவர் பெயராலும் வழங்குகிறது. ஆனால் பஞ்சரத்தினம் அதனைக் காண இல்லை. 1969இல், தம் 35ஆம் வயதில், ஆக்ஸ்போர்டில் அவர் நோயினால் மறைந்துவிட்டார்.

நமக்கு என்ன சொல்கிறது?

அறிவியலிலிருந்து அறத்திற்குத் தாவும்போது எச்சரிக்கை வேண்டும். ஒளிக்கதிர் மனிதன் அன்று. மனிதன் ஒளிக்கதிர் அல்லன். எல்லா உவமையும் ஒருபுடை உவமையே. இதனால் எதுவும் நிறுவப்படுவதில்லை. ஆயினும், நாம் கேட்கும் கேள்வி சரியான கேள்விதானா என்பதைக் காட்ட உவமை உதவும்.

என் அண்ணன் கேட்டதன் உட்பொருள், “நீ இன்னும் எங்களைப் போலவே இருக்கிறாயா?” என்பது. நானும் நாற்பது ஆண்டுகளாக அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டு வந்தேன். பஞ்சரத்தினம் அக்கேள்வியை விட்டுவிட்டார். “சேர்ந்தால் ஒளி மிகுகிறதா?” என்று கேட்டார். நம் நகரின் அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்தப்பட்ட வள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகத்து 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஒருவர் ஈரடியில் பேசியவர். மற்றவர் மூவடியில் பேசியவர். மொழி வேறு, காலம் வேறு. எவரும் எவராகவும் மாறவில்லை. இரு சிலைகளும் திறந்த அந்த வாரத்தில் இரு மாநிலத்தாரும் சற்றே நிமிர்ந்து நின்றோம்.

இரண்டாவது செய்தி இன்னும் கூர்மையானது. அஃது என்னையே சுட்டுகிறது. போன வழியே திரும்பி வரும் அலை எந்தப் பரப்பையும் வளைப்பதில்லை. ஆகவே அதனிடம் அந்தக் கட்டம் எதுவும் எஞ்சுவதில்லை. நான் இந்நகரில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தேன். வீட்டிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து வீட்டிற்கு, விடுமுறையில் ஊருக்கு, ஊரிலிருந்து வீட்டிற்கு. கடையில் பேரம் பேசும் அளவிற்கே கன்னடம் கற்றேன். அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்தோடு புன்னகையைத் தவிர எதையும் பகிர்ந்ததில்லை. மாறாமல் இருக்கிறேன் என்று பெருமை கொண்டேன். அது மாறாமை அன்று. போன வழியே திரும்பி வந்த வெறுமை. தமிழை நான் காத்ததாக நினைத்தேன். உண்மையில் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

பேத்தியோ வழியை வளைத்தாள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் இரண்டும். சர்வக்ஞர் வழியே சென்று வீட்டிற்கு வருகிறாள். அவள் கோல் சற்றே திரும்பியிருக்கிறது. அவள் அதனைத் திருப்பவில்லை. அவள் நடந்த உலகம் திருப்பியது. அதனைக் குற்றம் என்பது, உலகம் வளைந்திருப்பதைக் குற்றம் என்பது போலாகும்.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். “ஆய்வகத்தில் குவாண்டம் பொருளின் ஓரியல் தன்மையைக் காக்க வேண்டுமானால், சூழலிலிருந்து அதனைப் பிரித்து வைக்கிறார்களே? சிறிது வெப்பம், ஒரு காற்று மூலக்கூறு போதும், அது கெட்டுவிடும் என்கிறார்களே? அப்படியானால் நாமும் பிறரோடு கலவாமல் இருப்பதன்றோ காப்பு?” தடை நேர்மையானதே. குவாண்டம் கணிப்பொறிகள் சிலவற்றின் உறுப்புகளைத் தனிச்சுழிக்கு மிக அருகில் குளிர்வித்து வைத்தாலும், அவற்றின் ஓரியல் தன்மை நொடியின் மிகச் சிறு பகுதியே நிலைக்கிறது என்பது உண்மை. உவமையின் எல்லை இங்கே வந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஒன்று கூறலாம். ஓரியல் தன்மை என்பது தனிப்பொருளின் தூய்மை அன்று. கூடவேண்டியவற்றிற்கு இடையிலுள்ள உறவு. அஃது ஒரு பேரிடியால் கெடுவதைவிட, கவனிப்பாரற்ற சிறு சிறு கசிவுகளாலேயே பெரிதும் கெடுகிறது. ஊருக்குப் பேசாத ஒரு மாதம், போகாத ஒரு திருமணம், பேரப்பிள்ளைக்குச் சொல்லாத ஒரு கதை: இவையே நம் கசிவுகள். கன்னடம் கற்றதனால் நம் குடி கரையாது. பேச்சு அற்றுப்போனால் கரைந்துவிடும். அஃது எந்த மொழியில் அற்றாலும்.

மூன்றாவது செய்தியே எனக்கு ஆறுதல் தந்தது. சுற்றி வந்த அலை சுமந்து வரும் கட்டத்தைத் தனியே காண இயலாது என்று முன்னர்க் கண்டோம். சுற்றாமல் நின்ற மற்றோர் அலையோடு சேர்க்கும்போதுதான் அது தெரியும். வெளியூர் சென்றவன் என்ன பெற்றான் என்பதை ஊரிலேயே இருந்தவன் இல்லாமல் அறிய முடியாது. திண்ணையில் அமர்ந்திருக்கும் என் தமையனாரே எங்கள் பயணத்தின் அளவுகோல். அவர் அங்கே நிலைத்திராவிட்டால், நாங்கள் இவ்வளவு தொலைவு வந்தோம் என்பதை நாங்களே அறியோம். அவர் தாழவும் இல்லை; நாங்கள் உயரவும் இல்லை. சேர்ந்து நின்றால்தான் இரண்டுக்கும் பொருள்.

கோடை விடுமுறையில் மீண்டும் ஊருக்குச் சென்றோம். அதற்கு முன்னரே பேத்தியிடம், “நீ தப்பு எதுவும் செய்யவில்லை அம்மா, தாத்தாதான் உனக்கு விடை சொல்லத் தாமதித்துவிட்டேன்” என்று சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் மாலை, அண்ணன் அவளைத் திண்ணைக்கு அழைத்தார். “அந்தக் கன்னடப் பாட்டைச் சொல்லம்மா, கேட்போம்” என்றார். அவள் சொன்னாள். “பொருள்?” என்றார். தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள். ஒரு சொல் கிடைக்காமல் நின்றாள். அச்சொல்லை அண்ணன் எடுத்துக் கொடுத்தார். பிறகு அதே கருத்துடைய குறள் ஒன்றைச் சொல்லி, “இதனை நீ கன்னடத்தில் சொல்” என்றார். விளக்கு வைக்கும் நேரம் வரையில் இருவரும் எழவில்லை.

நான் சற்றுத் தள்ளி அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் ஒரே மாதிரி இல்லை. இனி ஒரே மாதிரி ஆகப்போவதும் இல்லை. ஆனால் எங்கள் திண்ணை அவ்வளவு ஒளியோடு இருந்து நான் பார்த்ததில்லை.